பள்ளியில் தடுப்பூசி நாள்: புதிதாகப் பணிக்கு வந்த கிராம சுகாதார செவிலியருக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாகத் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்களிடம் பள்ளித் தடுப்பூசி நாளைக் கொடுத்தால், அவர்கள் முதலில் விசாரிப்பது தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக எடுத்துப்போகும் வேக்ஸின் கேரியரைப் பற்றித்தான். ஊசி போடுவதில் அவர்கள் தடுமாறி நான் பார்த்ததில்லை. தடுமாற்றம் எல்லாம் பட்டியலில், தேதியில், பிள்ளைகளின் சாப்பாட்டில், வரிசை நிற்கும் இடத்தில்தான் வரும். அதனால் இந்த வழிகாட்டியில் ஊசி மேசை எட்டாவது படியாக வருகிறது. முதல் ஏழு படிகளையும் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியார் பள்ளியில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. யாருக்கு எந்த ஊசி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

தேசிய அட்டவணைப்படி 5 முதல் 6 வயதுக்குள் டி.பி.டி. இரண்டாவது ஊக்குவிப்புத் தவணை. 10 வயதில் ஒரு டி.டி., 16 வயதில் இன்னொரு டி.டி. பள்ளிக் கணக்கில் இது ஏறக்குறைய 1, 5, 10 ஆம் வகுப்புகள். டி.டி. என்பது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுவது, டி.பி.டி.யில் கக்குவான் இருமலும் சேரும்.

ஏழு வயது தாண்டிய பிள்ளைக்கு டி.பி.டி. போடக் கூடாது, டி.டி.தான். ஒன்றாம் வகுப்பில் தாமதமாகச் சேர்ந்த பிள்ளை, வேலைக்காக வெளியூர் போய்த் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை என்று ஏழு கடந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள். வகுப்பை மட்டும் நம்பினால் இவர்களிடம் தவறு நடக்கும். பிறந்த தேதிதான் அளவுகோல்.

“குழந்தையிலேயே எல்லா ஊசியும் போட்டாச்சே, இப்ப எதுக்கு?” என்று பெற்றோர் கேட்பார்கள். 6, 10, 14 வாரங்களிலும் ஒன்றரை வயதிலும் போட்டதன் பாதுகாப்பு வருடங்கள் போகப் போகக் குறையும். தொண்டை அடைப்பான் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பதிலை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அன்றைக்கு இதைப் பலமுறை சொல்ல வேண்டிவரும்.

2. பட்டியலை நீங்களே தயாரியுங்கள்

பள்ளியிலிருந்து எமிஸ் எண்ணோடு (கல்வித் துறை தரும் மாணவர் எண்) வகுப்புவாரிப் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண், முன்பு போட்ட தவணை, ஒவ்வாமை அல்லது வலிப்பு இருந்ததா, இன்று போட்டதா, குப்பியின் பேட்ச் எண், குறிப்பு. இந்தத் தலைப்புகளோடு ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே பிறந்த தேதி இடிக்கும் பெயர்கள் கண்ணில் படும்.

முன்பு போட்ட தவணை என்ற கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். பத்து வயதுப் பையன் போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து மருத்துவமனையில் ஊசி போட்டிருப்பான். அதைக் கேட்காமல் இன்றும் போட்டால், அடுத்தடுத்துப் போட்ட காரணத்தாலேயே கை பெரிதாக வீங்கலாம். அப்படி ஒரு பெயர் இருந்தால் எந்தத் தேதியில் என்ன போட்டார்கள் என்று எழுதிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் கேட்டு முடிவெடுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

பட்டியல் முடிந்ததும் எண்ணிக்கை தெரியும். குப்பிக் கணக்கும் அதிலிருந்தே வரும்: குப்பிக்கு 10 தவணை, விரயத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். 86 பிள்ளைகள் என்றால் 10 குப்பி, 95 ஊசிக்குழல். பட்டியல் இல்லாமல் “ஒரு நூறு பேர் இருக்கும்” என்று வாங்கிப் போனவர்கள் பாதியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

3. தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்த் தேதி வாங்குங்கள்

போனில் கேட்டால் “எப்ப வேணும்னாலும் வாங்க மேடம்” என்பார். அது தேதி ஆகாது. பள்ளி நாட்காட்டியை எதிரில் வைத்துப் பேசுங்கள். தேர்வு வாரம், விளையாட்டு விழா, நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் இவை வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களும் வேண்டாம். லேசான காய்ச்சலுக்கே பெற்றோர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு.

என் தேர்வு செவ்வாய் அல்லது வியாழன். மறுநாள் பள்ளி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை போட்டால், சனியும் ஞாயிறும் கை வலித்த பிள்ளையைப் பற்றி ஊரில் கதை வளரும். மறுத்துச் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். புதன்கிழமை நிலையத்தில் கைக்குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள், அதோடு இதைச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் பள்ளியில் அரை மணி நேரக் கண்காணிப்பைச் சுருக்கிக்கொண்டு இரண்டாவது பள்ளிக்கு ஓடுவதில்தான் அது முடியும்.

நூறு பேருக்கு மேல் இருந்தால் பக்கத்துத் துணை நிலையச் செவிலியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பகுதி சுகாதார செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தேதியை எழுத்தில் கொடுங்கள். மருத்துவ அலுவலர் அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

4. பெற்றோருக்குச் சீட்டு: மூன்று நாள் முன்னால், ஒரு பக்கத்துக்குள்

என்ன ஊசி, எதற்கு, எந்தத் தேதி, கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம், காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள், பிள்ளைக்கு முன்பு ஊசியால் ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தால் எழுதுங்கள். கீழே கையொப்பத்துக்கு இடம், உங்கள் கைபேசி எண். இவ்வளவு போதும்.

முதல் நாள் கொடுத்த சீட்டு புத்தகப் பையிலேயே இருக்கும், ஒரு வாரம் முன்னால் கொடுத்தது தொலைந்துவிடும். மூன்று நாள் சரியாக இருக்கிறது. திரும்பி வராத சீட்டுகளுக்கு வகுப்பு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் நினைவூட்டலாம்.

தனியார் பள்ளியில் சீட்டு மட்டும் போதாது. “எங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்” என்று பாதிப் பேர் எழுதி அனுப்புவார்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, நேரில் பேசிவிடுங்கள். வெளியே போட்டுக்கொள்வதாகச் சொன்னால் சண்டை வேண்டாம். போட்ட பிறகு அட்டையின் நகலை மட்டும் கேளுங்கள்.

5. ஆசிரியர்களிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் கேளுங்கள்

ஒன்று, அந்த வாரம் ஊசியைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டக் கூடாது. “பேசினா ஊசி போடற அக்காகிட்ட விட்டுருவேன்” என்று விளையாட்டாகச் சொன்னதற்கு விலை கொடுப்பது நீங்கள்தான். இரண்டு, அன்று தோள் வரை எளிதாக ஏற்றக்கூடிய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு இதை ஆசிரியை ஒருவர் தனியாகச் சொல்வது நல்லது. இறுக்கமான சட்டைக் கையை மேலே ஏற்ற முடியாமல், தோளுக்குக் கீழே எட்டிய இடத்தில் குத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

உடற்கல்வி ஆசிரியரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையை அமைதியாக வைத்திருக்க அவரைவிடத் தெரிந்தவர் பள்ளியில் இல்லை. மறுநாள் பயிற்சி வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

6. பை அடுக்குதல்

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்து வாங்கும்போது ஐஸ் பேக்கைக் கவனியுங்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்ததை நேராகக் கேரியரில் வைக்கக் கூடாது. மேலே நீர்த்துளி அரும்பி, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்துவிட்டு அப்புறம் அடுக்குங்கள். டி.டி.யும் டி.பி.டி.யும் உறைந்தால் கெட்டுப்போகும். சூட்டில் கெடும் என்ற பயத்தில் உறைய வைத்துவிடுவது புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை.

குப்பிகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு நான்கு ஐஸ் பேக்குக்கு நடுவே வையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் காலாவதித் தேதியையும், மருந்து சூடு பட்டதைக் காட்டும் வி.வி.எம். குறியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிர்நிறமாக இருக்க வேண்டும். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பையில் வைக்காமல் குளிர்பதனப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அனாஃபிலாக்ஸிஸ் (உடனடியாக வரும் கடும் ஒவ்வாமை) கிட்டைத் திறந்து பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள். அட்ரினலின் ஆம்பூலின் தேதி, அதற்கான சிறிய ஊசிக்குழல், வயதுவாரி மருந்தளவு எழுதிய அட்டை மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இதோடு ஊசி முனையை வெட்டும் ஹப் கட்டர், கழிவுப் பைகள், பஞ்சு, பாராசிட்டமால், பட்டியல், இரண்டு பேனா. பேனா சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு பேனா எப்போதும் ஆசிரியர் கைக்குப் போய்விடும்.

7. இடமும் சாப்பாடும்

மற்ற படிகளைவிட இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று ஊர் பேசப்போவது இதைப் பொறுத்துத்தான்.

மூன்று இடம் வேண்டும்: காத்திருக்க, ஊசி போட, போட்ட பிறகு உட்கார. காத்திருக்கும் பிள்ளைகளின் கண்ணுக்கு ஊசி மேசை தெரியக் கூடாது, அழுகைச் சத்தமும் முடிந்தவரை கேட்கக் கூடாது. அடுத்தடுத்த மூன்று வகுப்பறைகள் கிடைத்தால் நல்லது. ஒரே அறைதான் என்றால் நடுவில் கரும்பலகையோ திரையோ வையுங்கள். ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேற வேண்டும். போட்டுக்கொண்டு வருகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைக் கடந்து போனால், அவன் சும்மா செய்யும் நடிப்புக்கே நாலு பேர் வெளிறிப்போவார்கள்.

காத்திருக்கும்போது எல்லாரும் உட்கார்ந்திருக்கட்டும். காலை இறைவணக்கத்தில் வெயிலில் நின்ற கையோடு ஊசி வரிசையிலும் நிற்க வைத்தால் மயக்கம் வரும். அதற்கு ஊசிகூடத் தேவையில்லை. இறைவணக்கம் முடிந்து அரை மணி நேரமாவது கழித்துத் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தொடக்கப் பள்ளியில் இது எளிது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 ஆம் வகுப்பு வரை இருப்பதால், பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. சிறப்பு வகுப்புக்காக அதிகாலையில் பஸ் பிடித்து, ஒரு டீயோடு வந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். “சாப்பிட்டீங்களா?” என்று மொத்த வகுப்பையும் பார்த்துக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “காலைல என்ன சாப்பிட்ட?” என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிப் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகளைக் கடைசிக்குத் தள்ளி, சாப்பிட்ட பிறகு போடலாம். உயர்நிலைப் பள்ளியில் காலை இடைவேளை முடிந்து தொடங்கி மதிய உணவுக்கு முன் முடிப்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் தொடங்கினால், கடைசிப் பிள்ளையின் அரை மணி நேரம் பள்ளி விடும் மணியோடு மோதும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமோ தனி அறையோ கொடுங்கள். “அந்த மூணு நாள்ல போட்டுக்கலாமா அக்கா?” என்ற கேள்வி அங்கேதான் வெளியே வரும். தாராளமாகப் போடலாம். கேட்கக் கூச்சப்பட்டு விடுப்பு எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு என்பதால், யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

8. ஊசி மேசை

பெயரைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் பட்டியலில் தேடுங்கள். நீங்கள் பெயரைப் படித்தால் பயத்தில் எல்லாப் பெயருக்கும் “ஆமா” வரும். பிறகு மூன்று கேள்வி: இன்று காய்ச்சல் இருக்கிறதா, முன்பு ஊசி போட்டு உடம்பு மோசமானதா, வலிப்பு வந்ததுண்டா. சளி, லேசான இருமல் தடையல்ல. நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முந்தைய தவணையில் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் போடாதீர்கள். வலிப்பு என்றால், குறிப்பாக டி.பி.டி.க்கு, மருத்துவ அலுவலரைக் கேட்காமல் போட வேண்டாம்.

குப்பியைத் திறந்ததும் தேதியும் நேரமும் அதன் மேல் எழுதுங்கள். இப்போது எழுதாவிட்டால் மாலையில் அது குப்பைதான். காரணம் பத்தாவது படியில்.

தானே பூட்டிக்கொள்ளும் ஏ.டி. ஊசிக்குழலில் கல்லூரிப் பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும். மருந்து எடுக்கும் முன் காற்றை இழுத்துக் குப்பிக்குள் செலுத்துவோமே, அதைச் செய்தால் உந்துதண்டு பூட்டிக்கொண்டு குழல் வீணாகும். ஊசியை நேராகக் குப்பிக்குள் செலுத்தி, தலைகீழாகப் பிடித்து, 0.5 மி.லி. இழுங்கள். வேகத்துக்காக முன்கூட்டியே பத்துக் குழல்களில் நிரப்பி வைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு குழல், அந்த நேரத்தில்.

பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும், கை தளர்ந்திருக்க வேண்டும். மேல்கைத் தசையில், 90 பாகையில். எடுத்த பிறகு தேய்க்க வேண்டாம், பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். மூடியைத் திரும்பப் போடாமல் உடனே ஹப் கட்டரில் வெட்டுங்கள். வெட்டிய பிறகே பட்டியலில் குறி. இந்த வரிசை மாறினால் ஊசி முனை மேசையில் கிடக்கும்.

“வலிக்காது” என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை பொய்யைக் கண்டுபிடித்தால் வரிசை முழுக்க அது போய்ச் சேரும். “சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்” என்பது உண்மை, அதை ஏற்றுக்கொள்வார்கள்.

9. அரை மணி நேரம்

போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் 30 நிமிடம் உங்கள் பார்வையில் இருக்க வேண்டும். நீங்கள் மேசையில் இருப்பதால், அந்த அறையில் ஒரு செவிலியரோ ஆய்வாளரோ ஆசிரியரோ வேண்டும். ஒரு ஓரத்தில், மற்றவர் பார்வை படாத இடத்தில் பாய் விரித்து வையுங்கள்.

இங்கே வரப்போவது பெரும்பாலும் பயத்தால் வரும் மயக்கம். சின்னப் பிள்ளைகள் அழுவார்கள், விழ மாட்டார்கள். பதினாறு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே வந்து விழுவான். ஊசி போட்ட உடனே, சில சமயம் போடும் முன்பே, முகம் வெளிறி வியர்க்கும், நாடி மெதுவாக இருக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவான். தெளிந்தவுடன் எழுப்பி நடக்க விடாதீர்கள், இரண்டாவது முறை விழும்போதுதான் தலையில் அடிபடும்.

அனாஃபிலாக்ஸிஸ் மிக அரிது, ஆனால் வேறு மாதிரி இருக்கும். போட்ட சில நிமிடங்களில் உடம்பில் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், மூச்சில் இரைப்பு, நாடி வேகமாகவும் பலவீனமாகவும் இருக்கும். படுக்கவைத்தாலும் சரியாகாது. அட்டையில் உள்ள வயதுக்கான அட்ரினலின் அளவைத் தசையில் போடுங்கள், 108 வரவழையுங்கள், மருத்துவ அலுவலருக்குப் போன் செய்யுங்கள். அட்ரினலின் முதலில், போன் அப்புறம்.

ஒரு பிள்ளை மயங்கி, நாலு ஆசிரியர்கள் ஓடி வந்து சூழ்ந்து நின்று விசிறினால், அடுத்த கால் மணியில் இன்னும் சிலர் மயங்குவார்கள். அப்படி நடந்தால் ஊசியைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். காத்திருப்பவர்களை வகுப்புக்கு அனுப்பித் தண்ணீர் கொடுங்கள். மயங்கியவரைச் சத்தமில்லாமல் பாய்க்குக் கொண்டுபோங்கள். பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள், அடுத்தவர் வாயிலிருந்து அவர்களுக்குச் செய்தி போகக் கூடாது.

இந்த அரை மணி நேரம் வேறொன்றுக்கும் பயன்படும். உள்ளங்கையும் கண் இமையும் வெளுத்திருப்பவர்கள், எழுத்தைக் கண் சுருக்கிப் பார்ப்பவர்கள், தோலில் தேமல் உள்ளவர்கள் எல்லாரும் அமைதியாக உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைக் குறித்து, பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். அன்றே குடற்புழு மாத்திரையையோ வாராந்திர இரும்புச் சத்து மாத்திரையையோ சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வயிறு வலித்தால் எதனால் வலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பழி ஊசிக்குத்தான் வரும்.

10. மூட்டை கட்டுதல்

கழிவு எதையும் பள்ளியில் விடாதீர்கள், புதைக்கவோ எரிக்கவோ சொல்லாதீர்கள். வெட்டிய குழல்கள் சிவப்புப் பை, ஊசி முனைகள் ஹப் கட்டரிலேயே, இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பை. எல்லாம் உங்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்.

திறந்த குப்பிகளும் அன்றே குளிர்பதன இடத்துக்குத் திரும்ப வேண்டும். குளிர்ச்சி கெடாமல், வி.வி.எம். சரியாக, திறந்த தேதி எழுதியிருந்தால், டி.டி.யையும் டி.பி.டி.யையும் 28 நாள் வரை திரும்பப் பயன்படுத்தலாம். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுப்பது கூடவே கூடாது.

யு-வின் (தடுப்பூசிக்கான அரசின் இணையப் பதிவேடு) பதிவை அன்று மாலையே முடியுங்கள். தள்ளிப்போட்டால் பேட்ச் எண்கள் குழம்பும்.

11. மறுநாள், அதற்கடுத்த வாரம்

மறுநாள் காலை பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். கை வலிக்குக் குளிர்ந்த ஈரத்துணி போதும், தைலமும் சுடு ஒத்தடமும் வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ கை வீக்கம் முழங்கை வரை இறங்கினாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவ அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது ஊசியால்தானா என்று முடிவுசெய்வது உங்கள் வேலை இல்லை.

விடுபட்டவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: அன்று வராதவர்கள், காய்ச்சலுக்காகத் தள்ளியவர்கள், மறுத்தவர்கள். முதல் இரண்டு வகைக்கு அடுத்த புதன்கிழமை நிலையத்துக்கு வரச் சொல்லி வகுப்பு ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். மறுத்த வீட்டுக்கு நீங்களே போங்கள், மாலை ஆறு மணிக்கு மேல், அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில். அங்கன்வாடிப் பணியாளரையோ அந்தத் தெருவில் ஏற்கெனவே போட்டுக்கொண்ட பிள்ளையின் அம்மாவையோ கூட்டிப்போனால் பேச்சு சுலபமாகும். அப்போதும் வேண்டாம் என்றால் காரணத்தோடு குறித்துவிட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம்.

பள்ளியே வராமல் நின்றுவிட்ட பத்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் எந்தப் பள்ளிப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் பெயரை உங்கள் கிராமப் பதிவேட்டிலிருந்து எடுத்து, இதே தாளின் கடைசியில் எழுதிவையுங்கள்.